18ஆம் அத்தியாயம்: ஓர் ஊரடங்கு நாட்குறிப்பு

2020 மார்ச் 26, வியாழன்

ஸ்ரீரங்கம் ரயில் நிலையத்துக்குப் பின்புறத் தெருவில் குடியேறிய நாளிலிருந்து நான் கடிகாரம் பார்த்து எழுதியதில்லை. மலைக்கோட்டை எக்ஸ்பிரஸ் கொள்ளிடப் பாலத்தைத் தாண்டி வரும் ஓசை கேட்டால் எழுந்து உட்காருவேன்; பல்லவன் சென்னை நோக்கிப் புறப்பட்டுப் போனதும் அன்றைய பங்கை நிறுத்திவிட்டு அடுப்படிக்குப் போவேன். 22ஆம் தேதியோடு பயணிகள் ரயில் நின்றது. நேற்று முதல் 21 நாள் ஊரடங்கு. சரக்கு வண்டிகள் மட்டும் நேரம் காலமில்லாமல் போய்வருகின்றன.

நான் எழுதிக்கொண்டிருக்கும் நாவலின் 18ஆம் அத்தியாயம் ரயிலடியில் நடக்கிறது. சென்னையில் வேலை கிடைத்துப் புறப்படும் மனைவியை, கடைசி நிமிடத்தில் ஓடிவரும் கணவன் கையைப் பிடித்து வண்டியிலிருந்து இறக்குகிறான். முதல் படி எழுதி முடித்து இரண்டு வாரமாகிறது. அதை எடுத்துப் பார்க்கவே இன்று மனம் வரவில்லை.

ஏப்ரல் 2, வியாழன்

பதிப்பாளர் பேசினார். ஏப்ரல் மாத நாவல் அச்சாகவில்லை. பேருந்து நிலையக் கடைகள் மூடிக்கிடக்கும்போது யாருக்காக அச்சடிப்பது என்று அவர் கேட்டதில் நியாயம் இருந்தது. சென்ற நாவலுக்கு எனக்கு வரவேண்டிய தொகையைப் பற்றி அவராகப் பேசவில்லை, நானும் கேட்கவில்லை. கல்லூரி வாசலில் இருக்கும் என் கணவரின் ஜெராக்ஸ் கடையும் பூட்டியிருக்கிறது. கடை வாடகைக்கு என்ன செய்வது என்று இரவு வெகுநேரம் பேசிக்கொண்டிருந்தோம்.

மாத நாவல் என்றால் பக்கக் கணக்கு முன்கூட்டியே தெரியும். கதை எவ்வளவு விரிந்தாலும் அந்தப் பக்கத்துக்குள் கல்யாணமோ சமாதானமோ ஆகிவிட வேண்டும். இந்தக் கதையை அப்படி மூட்டை கட்டாமல், இணையத்தில் திங்களும் வியாழனும் ஒவ்வோர் அத்தியாயமாகப் போடலாம் என்று முடிவு செய்துவிட்டேன். பணம் வராது. ஆனால், யாராவது படித்துக்கொண்டிருந்தால்தான் என்னால் எழுத முடியும்.

ஏப்ரல் 12, ஞாயிறு

ஊரடங்கு தொடங்கிய பிறகு குடும்ப வன்முறைப் புகார்கள் கூடியிருப்பதாகத் தேசிய மகளிர் ஆணையம் சொல்கிறது. வீட்டிலிருந்து தொலைபேசியில் பேச முடியாத பெண்கள் எழுத்தில் தெரிவிப்பதற்காக நேற்று முன்தினம் ஒரு வாட்ஸ்அப் எண்ணையும் அறிவித்திருக்கிறார்கள். அடிக்கிறவன் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கும் வீட்டில் ஒரு பெண் பேச முடியாது என்பதை அந்த ஏற்பாடே சொல்லிவிடுகிறது. செய்தியைப் படித்துவிட்டு என் பழைய நாவல்கள் இருக்கும் அலமாரியின் முன் நெடுநேரம் நின்றேன்.

இருபத்திரண்டு ஆண்டுகளாகக் காதல் கதை எழுதுகிறேன். என் நாயகர்களில் பாதிப் பேர் கோபக்காரர்கள். நாயகியின் மணிக்கட்டைப் பிடித்து முறுக்குவார்கள், கதவை அடைத்து நின்று வழிமறிப்பார்கள், ஒருவன் அறைந்தும் இருக்கிறான். பிறகு அத்தனை முரட்டுத்தனமும் அன்பின் மிகுதிதான் என்று கடைசி அத்தியாயத்தில் விளக்கம் எழுதி, வாசகிகளைக் கண்கலங்க வைத்திருக்கிறேன். அது வாசகிகளுக்குப் பிடிக்கிறது என்று பதிப்பாளர்கள் சொன்னார்கள், நானும் நம்பினேன். அலுவலகத்துக்கும் கடைக்கும் ஆண்கள் போய்விட்ட பிற்பகலில், தனியாக உட்கார்ந்து படிக்கும்போது அப்படியொருவனைக் கற்பனையில் மன்னிப்பது எளிதாக இருந்திருக்கலாம். இப்போது அவன் நாள் முழுவதும் வீட்டில் இருக்கிறான், கதவும் பூட்டியிருக்கிறது. இந்த நேரத்தில் அவள் கையில் இருக்கும் என் கதை, அவனைப் பொறுத்துப் போ, திருந்துவான் என்று சொல்லுமானால், நான் அவளுக்குத் தீங்கு செய்கிறேன்.

நம்பிக்கை தருவதுதான் காதல் கதையின் வேலை என்று இன்றும் நினைக்கிறேன். ஆனால் எந்த நம்பிக்கை? பூட்டிய வீட்டுக்குள் அச்சமில்லாமல் கூட இருக்கக்கூடிய ஒருவன் உண்டு என்பதை அவள் நம்பும்படி எழுத வேண்டும். 18ஆம் அத்தியாயத்தைக் கிழித்துப் போட்டேன்.

ஏப்ரல் 20, திங்கள்

ஐந்தாம் அத்தியாயம் போட்டேன். மாலையில் ஒரு வாசகி எழுதியிருந்தார். அவருடைய மாமியாருக்குக் கண்புரை. ஏப்ரலில் நடக்கவேண்டிய அறுவைச் சிகிச்சை தள்ளிப்போய்விட்டது. அதனால் அத்தியாயம் வந்த அன்று இரவு, பாத்திரம் கழுவி முடித்தபின், மருமகள் படிக்க மாமியார் கேட்கிறாராம். “திருமணமாகி பதினொரு வருடத்தில் நானும் அத்தையும் ஒரே விஷயத்தைப் பற்றி இவ்வளவு நேரம் பேசியதில்லை அக்கா” என்று எழுதியிருக்கிறார். இன்னொருவர், தயவுசெய்து கதையில் கொரோனாவைக் கொண்டுவராதீர்கள் என்று கேட்டிருந்தார். கொண்டுவரப் போவதில்லை. கதை சென்ற ஆண்டில் நடக்கிறது, அப்படியே இருக்கட்டும்.

மே 9, சனி

கடை வாடகைக்காக வளையலை அடகு வைத்தோம். எழுதவில்லை.

ஜூன் 2, செவ்வாய்

நேற்று முதல் தமிழ்நாட்டுக்குள் நான்கு சிறப்பு ரயில்கள் ஓடுகின்றன. சென்னைக்கு ஒன்றுமில்லை. இருந்தாலும் மதுரையிலிருந்து விழுப்புரம் போகும் வண்டி எங்கள் தெருவைத் தாண்டித்தான் போகவேண்டும். அதன் ஓசை கேட்டதும் மாடிக்கு ஓடினேன். என் கணவர் காபி டம்ளரோடு பின்னாலேயே வந்தார். இரண்டு மாதத்துக்கு மேலாகப் பயணிகளைக் காணாத தண்டவாளத்தில் அது போய் மறையும்வரை இருவரும் பேசாமல் நின்றோம்.

கீழே வந்து உட்கார்ந்தவள் மதியம்வரை எழுந்திருக்கவில்லை. சமையலை அவர் பார்த்துக்கொண்டார். புதிய 18ஆம் அத்தியாயத்தில் அவன் ஓடிவரவில்லை. அவளோடு சேர்ந்தே ரயிலடிக்கு வருகிறான். போகாதே என்று சொல்லும் ஆசை தொண்டைவரை வந்து நிற்கிறது, அதை அவன் சொல்வதில்லை. பெட்டியை ஏற்றி வைக்கட்டுமா என்று கேட்டு, அவள் தலையசைத்த பிறகே தூக்குகிறான். தண்ணீர் பாட்டில் வாங்கித் தருகிறான். இவ்வளவுதான் நடக்கிறது. ஆயிரத்து ஐந்நூறு சொற்களில் அவன் அவளைத் தொடவே இல்லை, ஆனாலும் நான் எழுதியவற்றில் மிகவும் நெருக்கமான காட்சி இதுதான் என்று நினைக்கிறேன்.

வண்டி நகரும்போது அவள் என்ன சொல்வாள் என்பதற்கு மட்டும் நான்கு தாள் வீணானது. காதல் வசனம் எதுவும் பொருந்தவில்லை. கடைசியில், நம் வீட்டு வாசலில் எல்லோரும் சொல்வதையே அவளையும் சொல்லவைத்தேன்: “போய் வருகிறேன்.”

ஜூன் 17, புதன்

எட்டு ஆண்டுகளுக்குப் பிறகு வழக்கமான ஜூன் 12 அன்றே மேட்டூர் அணையைத் திறந்தார்கள். காவிரிப் படித்துறையான அம்மா மண்டபத்துக்குப் போக இயலாது. தண்ணீர் வந்த செய்தியைப் பால்காரர் சொல்லித் தெரிந்துகொண்டோம்.

18ஆம் அத்தியாயம் திங்களன்று வெளியானது. அவளை எப்படி நீங்கள் போகவிடலாம் என்று பலர் கோபித்திருக்கிறார்கள். நாயகன் உப்புச்சப்பில்லாமல் இருக்கிறான் என்று இரண்டு பேர். பதில் எழுத வேண்டும். இதைப் படித்துவிட்டு எழுந்துபோய்க் கதவைத் தாழிட்டுக்கொண்டு அழுதேன் என்று மட்டும் ஒருவர் எழுதியிருக்கிறார். அவருக்குத் தனியாகக் கடிதம் எழுதி, அந்த வாட்ஸ்அப் எண்ணையும் சேர்த்து அனுப்பினேன்.

கண்புரை மாமியாரின் மருமகளும் எழுதியிருந்தார். அவள் திரும்புவாளா மாட்டாளா என்று தான் தூக்கமில்லாமல் புலம்பியபோது, அத்தை வெற்றிலையை மடித்துக்கொண்டே, “வருகிறேன் என்றுதானே சொல்லிவிட்டுப் போயிருக்கிறாள், பிறகென்ன?” என்றாராம்.

நாளை 19ஐப் போட வேண்டும். இன்னும் பாதிகூட எழுதவில்லை.