கிளிநொச்சியில் கலியாணத்துக்கு ரூம் பிடித்த அனுபவம்

தங்கச்சியின் கலியாணம் முடிந்து மூன்று கிழமையாகிறது. மண்டபம், ஐயர், சாப்பாடு எதிலும் ஒரு குறையும் இல்லை. என்னை நித்திரை கொள்ளவிடாமல் அலைத்தது ரூம் விசயம்தான். வன்னியில் கலியாணம் வைத்து, கொழும்பிலிருந்தும் கனடாவிலிருந்தும் சொந்தக்காரரைக் கூப்பிட இருப்பவர்கள் இதை வாசித்துவிட்டு ரூம் பாருங்கள்.

எங்களுக்கு 14 ரூம் தேவைப்பட்டது. ஆடி கழிந்து ஆவணியில் நாள் வைத்தோம். ஓகஸ்ட் 15 மடுத் திருவிழா என்பதால் அதையொட்டிய நாட்களில் வவுனியா, மன்னார்ப் பக்கம் ரூம் கிடைப்பது கஷ்டம். யாழ்ப்பாணத்தில் நல்லூர்த் திருவிழா 25 நாள் நடக்கும். இரண்டுக்கும் நடுவில் ஏ9 வீதியில் இருக்கும் கிளிநொச்சியிலும் அந்தக் கூட்டத்தில் ஒரு பங்கு வந்து தங்கும். நாள் குறிக்கும்போது இதை ஒருவரும் யோசிக்கவில்லை.

சித்திரை வருசம் முடிந்த கையோடு ஒரு ஹோட்டலில் போய்க் கதைத்தோம். அப்போதிருந்த முகாமையாளர், "யோசிக்காதேங்கோ அக்கா, 14 ரூமும் உங்களுக்குத்தான்" என்றார். 50,000 ரூபாய் முற்பணம் கட்டினோம். பற்றுச்சீட்டில் "கலியாணம், முற்பணம்" என்று மட்டும் இருந்தது. கலியாணத் திகதியும் இல்லை, எத்தனை ரூம் என்பதும் இல்லை. அதை அப்படியே மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டு வந்தது என் பிழை.

கலியாணத்துக்கு இரண்டு கிழமை இருக்கும்போது பெயர்ப்பட்டியல் கொடுக்கக் கோல் எடுத்தேன். அந்த முகாமையாளர் வேலையை விட்டுப் போய்விட்டாராம். புதிதாக வந்த பொடியன், "எங்களிட்டை 6 ரூம்தானே அக்கா இருக்கு" என்றான். எனக்கு நெஞ்சு அடைத்துவிட்டது. அடுத்த நாள் காலையிலேயே பரந்தனில் பஸ் ஏறிப் போய் நின்றேன்.

பதிவுக் கொப்பியைத் திறந்து காட்டினான். எங்கள் திகதிக்கு நேரே பென்சிலால் "கலியாணம் 14" என்று எழுதி, பிறகு 14ஐ அழித்திருந்தார்கள். றப்பர் தேய்த்த இடம் தாளில் கறுப்பாகக் கிடந்தது. அதன்மேல் நீலப் பேனையால் ஏதோ ஒரு பயிற்சிப் பட்டறைக்கு 8 ரூம். "அவை முழுக்காசும் கட்டிப்போட்டினம், நான் என்ன செய்ய?" என்று கேட்டான். அவனைக் கோபித்துப் பிரயோசனமில்லை. பழைய முகாமையாளர் வாட்ஸ்அப்பில் "14 ரூம் ஓகே அக்கா" என்று திகதியோடு அனுப்பியிருந்ததைத் தேடி எடுத்துக் காட்டினேன். முதலாளிக்குக் கோல் போனது. அரை மணித்தியாலத்தில், வேலையாட்கள் படுக்கும் கீழ்மாடி ரூம் இரண்டைத் துப்புரவாக்கித் தருவதாக ஒத்துக்கொண்டார்கள். 8 ஆனது. முழங்கால் வருத்தக்காரி பெரியம்மாவுக்குப் படி ஏறாத ரூம் கிடைத்தது அதனால்தான்.

மிச்சம் 6 ரூமுக்கு மாங்குளம் போனேன். போனில் "இருக்கு, வாங்கோ" என்றவர்கள் நேரே போனதும் இரண்டுதான் என்றார்கள், அதிலும் ஒன்றில் ஏசி வேலை செய்யவில்லை. திரும்பி வரும்போது முறிகண்டியில் பஸ் நின்றது. பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்துவிட்டுக் கச்சான் வாங்கும்போது, கச்சான் விற்ற அம்மா முகத்தைப் பார்த்து என்னவென்று கேட்டா. சொன்னேன். வெளிநாட்டில் இருப்பவர்கள் கட்டிப் பூட்டிவைத்த வீடுகளை நாள்வாடகைக்கு விடுகிறார்கள் என்று சொல்லி, சாவி வைத்திருப்பவரின் நம்பரும் தந்தா. மூன்று ரூம் வீடுகள் இரண்டு. கொமட், குசினி, முற்றத்தில் வான் விட இடம் எல்லாம் இருந்தன. அந்த அம்மாவுக்குக் கலியாணப் பலகாரம் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

இனிக் காசு விசயம். வாயால் சொல்லும் விலையை நம்பாதீர்கள். 8,000 ரூபாய் என்ற ரூமுக்கு 10 வீதச் சேவைக் கட்டணம், அதற்கு மேல் 18 வீத வற் வரி என்று பில் 10,384 ரூபாயானது. கனடாப் பாஸ்போர்ட்டைக் கண்டதும் மாமாவிடம் வெளிநாட்டுக்காரர் விலை கேட்டார்கள். "எல்லாருக்கும் ஒரே விலை" என்று முன்கூட்டியே எழுதி வாங்கியிருந்தால் அந்த வாக்குவாதமே வந்திராது. கொழும்பு இரவு பஸ்ஸில் வருகிறவர்கள் விடிய நாலரைக்கு இறங்குவார்கள், ஹோட்டலோ பின்னேரம் இரண்டு மணிக்குத்தான் ரூம் திறக்கும். முகூர்த்தம் காலையில் என்றால் அவர்களுக்கு முதல்நாள் இரவிலிருந்தே ரூம் போடுங்கள். எங்கள் சித்தப்பா குடும்பம் வரவேற்பறைக் கதிரையில் இருந்துதான் சேலை மாற்ற முறை பார்த்தது. அதை நினைத்தால் இன்னும் மனம் ஆறவில்லை. எந்தத் திகதிக்குள் சொன்னால் தேவையில்லாத ரூமைக் காசு வெட்டாமல் திருப்பி எடுப்பார்கள் என்பதையும் கேளுங்கள். வருவோம் என்ற இரண்டு குடும்பம் கடைசி நேரத்தில் வரவில்லை, அந்தக் காசு போனதுதான்.

அடுத்த மாதம் மாப்பிள்ளை வீட்டார் மட்டக்களப்பில் வரவேற்பு வைக்கிறார்கள். எங்கள் பக்கத்து ஆட்களுக்கு 9 ரூம். திகதி, ரூம் இலக்கம், வரியோடு சேர்த்த விலை எல்லாம் ஹோட்டலின் லெட்டர்ஹெட்டில் சீல் குத்தி நேற்று வந்துவிட்டது. தங்கச்சிக்குப் படம் எடுத்து அனுப்பிவிட்டு, மூலத்தைப் பற்றுச்சீட்டோடு சேர்த்து அலுமாரியில் வைத்திருக்கிறேன்.