ஆர்ஹூஸில் சைக்கிள்: மேடும் காற்றும் காந்த விளக்கும்

டென்மார்க் தோசைக்கல் மாதிரி தட்டையான நாடு என்று யாராவது சொல்லி அனுப்பியிருப்பார்கள். கோபன்ஹேகனுக்கு அது சரி. ஆர்ஹூஸுக்குப் படிக்க வருகிறவர்களின் தொடை முதல் வாரத்திலேயே வேறு கதை சொல்லும். நாட்டின் உச்சியே 171 மீட்டர்தான், உண்மை. ஆனால் ஆர்ஹூஸின் தெற்கு ஓரத்தில் இருக்கும் யெல்ஸ்ஹொய் குன்று 128 மீட்டர், அதுவும் கடலிலிருந்து சில கிலோமீட்டரில். பனியுகம் விட்டுப்போன மண்மேடுகளுக்கு நடுவே உட்கார்ந்திருக்கும் கிண்ணம் இந்த ஊர். அடியில் துறைமுகம், ஆறு, பழைய நகரம். விளிம்பில் பல்கலைக்கழகம், மருத்துவமனை, பெரும்பாலான மாணவர் விடுதிகள். ஊருக்குள் போக இறக்கம், களைத்துத் திரும்பும்போது ஏற்றம். எந்த வண்டி வாங்குவது, எந்தப் பக்கம் சுற்றப் போவது என்பதையெல்லாம் இதை மனதில் வைத்துத்தான் முடிவு செய்ய வேண்டும். (ஊர்க்காரர்கள் வாயில் பெயர் ‘ஓஹூஸ்’ என்று ஒலிக்கும். வழி கேட்கும்போது உதவும்.)

பழைய வண்டி வாங்குவதே நல்லது. ஓடுகிற நிலையில் உள்ளது ஆயிரத்திலிருந்து இரண்டாயிரம் குரோனருக்குள் (டென்மார்க் நாணயம்) கிடைக்கும். டேனிஷ் நகர சைக்கிள்களில் கியர் பெரும்பாலும் பின்சக்கர ஹப்புக்குள்ளேயே (சக்கரத்தின் நடுவிலுள்ள உருளை) அடங்கியிருக்கும். மூன்று கியர், ஏழு கியர் இரண்டும் பரவலாக உண்டு. இந்த ஊருக்கு ஏழு. மூன்று கியர் வண்டி மலிவாகக் கிடைத்துவிட்டால் ஒரு வழி இருக்கிறது: பின்சக்கரத்துப் பல்சக்கரத்தை இரண்டு மூன்று பல் பெரியதாக மாற்றச் சொல்லுங்கள். சின்னச் செலவுதான், செயினில் ஒரு கண்ணி கூட்ட வேண்டிவரலாம். சமதளத்தில் வேகம் கொஞ்சம் குறையும், ஏற்றத்தில் இறங்கித் தள்ள வேண்டியிருக்காது.

ஓட்டிப் பார்க்கும்போது கியர் நழுவினால் உடனே வேண்டாம் என்று சொல்லிவிடாதீர்கள். பாதி நேரம் கேபிள் தளர்ந்ததுதான் காரணம். ஷிமானோ ஏழு கியர் ஹப்பில் கைப்பிடியை 4இல் வைத்துவிட்டு, பின்சக்கர அச்சுப் பக்கம் இருக்கும் இரண்டு வண்ணக் கோடுகள் நேர்க்கோட்டில் நிற்கின்றனவா பாருங்கள். இல்லையென்றால் கேபிள் முனையிலுள்ள திருகைக் கால் சுற்று, அரைச் சுற்று திருப்பினால் சேர்ந்துவிடும். மூன்று கியருக்கு இதே வேலையை 2இல் வைத்துச் செய்ய வேண்டும். கோடு நேராக இருந்தும் நழுவுகிறதென்றால் ஹப்பின் உள்ளே தேய்மானம். அந்த வண்டியை விட்டுவிடலாம்.

அடுத்தது காலால் போடும் பிரேக். பெடலைப் பின்னோக்கி மிதித்தால் பின்சக்கரம் நிற்கும். நம் ஊர் சைக்கிளில் பழகியவர்கள் சிக்னலில் நின்றதும் பெடலைப் பின்னால் சுழற்றி, மிதிக்க வசதியான உயரத்துக்குக் கொண்டுவருவார்கள். இங்கே அது நடக்காது, பெடல் இறுகிக்கொள்ளும். பச்சை விழுந்த பிறகு தடுமாறி நின்றால் பின்னால் வரிசையே காத்திருக்கும். நிற்கும்போதே வலது பெடல் கடிகாரத்தில் இரண்டு மணி முள் இருக்கும் இடத்தில் இருக்குமாறு நின்று பழகுங்கள். மழையில் ரிம்மைப் பிடிக்கும் முன்சக்கர பிரேக், ஓரிரு சுற்று தண்ணீரைத் துடைத்த பிறகுதான் கவ்வும். கால் பிரேக்குக்கு மழை ஒரு பொருட்டில்லை. ஆனால் அது வேலை செய்வது செயின் வழியாக. இறக்கத்தில் செயின் கழன்றால் பின் பிரேக்கும் சேர்ந்து போய்விடும். செயினை நடுவில் விரலால் மேலும் கீழும் அசைத்தால் ஒரு சென்டிமீட்டர், மிஞ்சினால் ஒன்றரை. அதற்கு மேல் ஆடினால் பின்சக்கரத்தைக் கொஞ்சம் பின்னுக்கு இழுத்து முடுக்க வேண்டும். முன் பிரேக் சரியில்லாத வண்டியில் பல்கலைக்கழக மேட்டிலிருந்து நோரபுரோகேட சாலை வழியாக இறங்குவது வீண் வம்பு.

காசு கொடுக்கும் முன் சைக்கிளின் சட்டத்தில் (ஃபிரேம்) பொறித்திருக்கும் எண்ணைத் தேடுங்கள். டென்மார்க்கில் விற்ற சைக்கிள் என்றால் W-வில் தொடங்கும். பெரும்பாலும் சீட் குழாயில் இருக்கும். அந்த எண்ணைப் போலீஸ் இணையதளத்தில் தட்டினால், திருட்டுப் போனதாகப் பதிவாகியிருக்கிறதா என்று தெரிந்துவிடும். எண்ணைச் சுரண்டியிருந்தால் பேச்சே வேண்டாம். திருட்டு வண்டி என்று தெரிந்தால் வண்டி உரியவருக்குப் போய்விடும், கொடுத்த பணம் திரும்பி வருவது சந்தேகம். வாங்கியதும் எண்ணைப் படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள், விற்றவரிடம் ஒரு வரி எழுதி வாங்குங்கள். வீட்டுப் பொருள் காப்பீட்டில் சைக்கிளையும் சேர்க்க முடியும். இழப்பீடு கேட்கும்போது சட்ட எண், அங்கீகரிக்கப்பட்ட பூட்டு, அந்தப் பூட்டின் ரசீது மூன்றையும் கேட்பார்கள். பின்சக்கரத்தைப் பிடிக்கும் வளையப் பூட்டு மட்டும் போட்டால் வண்டி உருளாது, அவ்வளவுதான். தூக்கிக்கொண்டு போகலாம். ரயில் நிலையப் பக்கம் இரவில் விடுவதாக இருந்தால் சங்கிலி போட்டுக் கம்பியோடு சேர்த்துப் பூட்டுங்கள்.

பஞ்சர் விஷயத்தில் நமக்கு ஒரு அனுகூலம் உண்டு. இங்கே நிறைய நகர சைக்கிள்களில் இருப்பது நம் ஊர் சைக்கிளில் இருக்கும் அதே வகை வால்வுதான். நம்மூரில் அதற்குள் வால்ட்யூப் ரப்பர் போடுவோம், இங்கே பந்து வைத்த உள்பகுதி. கார் வால்வு உள்ள ட்யூபும் உண்டு. பெட்ரோல் பங்க்கில் காற்றடிக்க அதுதான் சுலபம். டயர் அளவு மட்டும் வேறு. நம்ம ஊர் 28 இன்ச்சும் இவர்கள் 28 இன்ச் என்பதும் ஒன்றல்ல; இங்கே டயர் பக்கவாட்டில் பெரும்பாலும் 622 என்று முடியும் எண் இருக்கும், ட்யூப் வாங்கும்போது அதைச் சொல்லிக் கேளுங்கள்.

கடையில் ஒட்டக் கொடுத்தால் கூலி கையைக் கடிக்கும். நம் பஞ்சர் கடைக்காரர் செய்வதைப் போல சக்கரத்தைக் கழற்றாமலே ஒட்டுவதுதான் புத்திசாலித்தனம், அதிலும் பின்சக்கரம் என்றால். கழற்றப் போனால் 15 மில்லிமீட்டர் ஸ்பானர் வேண்டும், கியர் கேபிளை விடுவிக்க வேண்டும், கால் பிரேக்கின் கையைச் சட்டத்தோடு பிடித்திருக்கும் திருகையும் அவிழ்க்க வேண்டும். திரும்ப மாட்டும்போது அந்தத் திருகை மறந்தால், முதல் பிரேக்கில் அச்சே திரும்பிவிடும். அதனால் வண்டியைக் கவிழ்த்து, டயரின் ஒரு பக்கத்தை மட்டும் நெம்பி, ட்யூபை வெளியே இழுத்து ஓட்டையைத் தேடுங்கள். உப்புத்தாள் தேய்த்து, பசை தடவி, பளபளப்பு போகும்வரை ஐந்து நிமிடம் காயவிட்டு அப்புறம் ஒட்டுங்கள். ஒட்டு பிடிக்கவில்லை என்றால் பத்தில் ஒன்பது முறை பசை காயவிடாததுதான். டயரின் உள்பக்கத்தை விரலால் மெல்லத் தடவி, குத்திய கண்ணாடியையோ சரளையையோ எடுக்காமல் மூடினால் மறுநாளே மறுபடி பஞ்சர். வெள்ளிக்கிழமை இரவுகளுக்குப் பிறகு நகர மையத்தில் கண்ணாடித் துண்டு அதிகம். காற்றழுத்தம் நான்கு பார் (bar) அளவுக்கு இருக்கட்டும். தொளதொளவென்று ஓட்டுவதும் பஞ்சருக்கு ஒரு காரணம்.

சாலை விதிகளில் புதிதாக வருகிறவர்கள் சறுக்குவது இடது திருப்பத்தில். சைக்கிளை நடுச்சாலைக்குக் கொண்டுபோய் இடதுபுறம் திரும்பக் கூடாது. நேராகக் குறுக்குச் சாலையைக் கடந்து, எதிர் மூலையில் நின்று, வண்டியை இடப்பக்கம் திருப்பிக்கொண்டு, வழி கிடைத்ததும் போக வேண்டும். நிற்கப் போகிறீர்கள் என்றால் கையை மேலே தூக்குங்கள், திரும்பப் போகிறீர்கள் என்றால் அந்தப் பக்கம் நீட்டுங்கள். தரையில் வெள்ளை முக்கோண வரிசை, அதாவது சுறாப்பல், உங்களைப் பார்த்திருந்தால் வழிவிட வேண்டியவர் நீங்கள். பேருந்திலிருந்து ஆட்கள் நேரே சைக்கிள் தடத்தில் இறங்கும் நிறுத்தங்களில் சைக்கிள்தான் நிற்க வேண்டும். சிவப்பில் போனால் 1,000 குரோனர் அபராதம், விளக்கில்லாமல் போனால் 700. கேரியரில் நண்பரை வைத்து டபுள்ஸ் அடிப்பதும் சட்டப்படி குற்றம்.

இவற்றையெல்லாம் விட முக்கியமானது, வலப்பக்கம் திரும்பும் லாரி. நேரே போகிற சைக்கிளுக்குத்தான் முன்னுரிமை என்று சட்டம் சொல்கிறது. ஓட்டுநர் கண்ணாடியில் நீங்கள் தெரியவில்லை என்றால் அந்தச் சட்டத்தால் பயனில்லை. சிக்னலில் லாரிக்குப் பக்கவாட்டில் போய் நிற்காதீர்கள், பின்னால் நில்லுங்கள். பல்கலைக்கழகப் பக்கம் இன்னொரு ஆபத்து, 2017இல் வந்த இலகு ரயிலின் தண்டவாளம். குறுக்கே செங்குத்தாகக் கடந்தால் ஒன்றும் ஆகாது. சாய்வாகக் கடந்தால் முன்சக்கரம் பள்ளத்தில் மாட்டும், மழை நாளில் நிச்சயம் விழவைக்கும்.

இனி சுற்றுவது. கிளம்பும் முன் டேனிஷ் வானிலை நிறுவனமான டிஎம்ஐ தளத்தில் மழையைப் பார்ப்பதைவிடக் காற்றைப் பாருங்கள். மழைக்குச் சட்டை உண்டு, காற்றுக்கு ஒன்றும் கிடையாது. வேகத்தை விநாடிக்கு இத்தனை மீட்டர் என்று போடுவார்கள். 5 என்றால் தெரியாது. 8 என்றால் சமதளமே ஏற்றம்போல இருக்கும். 12ஐத் தாண்டினால் கடற்கரைப் பக்கம் போகவே வேண்டாம். காற்று அதிகமும் மேற்கிலிருந்து வரும். அதனால் தெம்பு இருக்கும்போது காற்றை எதிர்த்துப் போய், களைத்த பிறகு அது தள்ளிவிடத் திரும்பி வருவதுபோல வழியை அமைத்துக்கொள்ளுங்கள்.

இதற்கு வாகானது மேற்கே போகும் பிராப்ராண்ட் தடம். அரோஸ் அருங்காட்சியகத்துக்குப் பக்கத்தில் ஆற்றங்கரையில் மொல்லபார்க்கன் பூங்காவில் தொடங்கி, ஆற்றையொட்டியே பிராப்ராண்ட் ஏரி வரை போகலாம். முன்பு ஹம்மல் ஊருக்குப் போன ரயில் பாதையின் தடம் இது. ரயில் போன இடமென்பதால் மேடு கிடையாது, மோட்டார் வண்டியும் பெரும்பாலும் கிடையாது. ஆர்ஹூஸில் தொடை வலிக்காமல் ஓட்டக்கூடிய ஒரே நீளமான வழி இதுதான் என்று சொல்லலாம். வந்த முதல் மாதத்தில், வண்டியும் உடம்பும் பழக, இங்கேதான் போக வேண்டும். ஏரியைச் சுற்றிவிட்டுத் திரும்ப இரண்டு, மூன்று மணி நேரம் ஒதுக்குங்கள். நடப்பவர்களும் வருவார்கள், மணி அடித்து இடப்பக்கமாகத் தாண்டுங்கள்.

தெற்கே போவது அழகு, ஆனால் உழைப்பு. துறைமுகத்திலிருந்து கடலோரமாக டாங்குரோகன் திடல், மார்செலிஸ்போர்க் அரண்மனைக்குக் கீழேயுள்ள நினைவுப் பூங்கா, அதன் பிறகு பீச் (beech) மரக் காடு. வார்னா பக்கத்தில் கடலுக்குள் வட்டமாக ‘முடிவில்லாப் பாலம்’ இருக்கிறது. 2015இல் ஒரு சிற்பக் கண்காட்சிக்காகக் கட்டியது, விட்டம் 60 மீட்டர். குளிர்காலத்தில் கழற்றி எடுத்துவிடுவார்கள், அதனால் கோடையில் போங்கள். கரைக்கு இறங்கும் வழி செங்குத்து, வண்டியை மேலேயே பூட்டிவிடுங்கள். அங்கிருந்து காட்டுச் சாலையில் ஏறி இறங்கிப் போனால் மோஸ்கோர் அருங்காட்சியகம். 2014இல் திறந்த கட்டடம், புல் வளர்ந்த சாய்ந்த கூரையில் நடந்தே ஏறலாம். 1952இல் சதுப்பு நிலத்தில் கிடைத்த, இரும்புக் காலத்து கிரௌபல்ல மனிதரின் உடல் உள்ளே இருக்கிறது. வரும்போது காட்டு வழியாகவே திரும்பாமல் ஓடர்வாய் சாலைக்கு ஏறிவிடுங்கள். ஒரு ஏற்றம் முடிந்தால், நகரம் வரை பெரும்பகுதி இறக்கம்.

வடக்கே ரீஸ் ஸ்கோவ் காட்டையும் கடற்குளியல் துறையையும் தாண்டி ஏகோ எங்ஸோ ஏரி. 2006இல் வயல்வெளியில் நீரைத் தேக்கி உருவாக்கியது. ஏரியைச் சுற்ற சுமார் 5 கிலோமீட்டர். மாலை வகுப்பு முடிந்து போய்வர ஏற்ற தூரம். பழைய நகரத்தின் கருங்கல் தெருக்களைச் சைக்கிளில் பார்க்க நினைக்க வேண்டாம். பல்லும் எலும்பும் ஆடும், கடைவீதியில் ஓட்டவும் அனுமதியில்லை. இறங்கித் தள்ளிக்கொண்டு நடங்கள்.

டிசம்பரில் மாலை நான்கு மணிக்கு முன்பே சூரியன் மறைந்துவிடும். மறைந்ததிலிருந்து உதிக்கும் வரை முன்னே வெள்ளை அல்லது மஞ்சள் விளக்கு, பின்னே சிவப்பு கட்டாயம், 300 மீட்டரில் தெரிய வேண்டும். கழற்றி மாட்டும் விளக்கைப் பையில் மறந்துவிடுவோம் அல்லது சார்ஜ் போட மறந்துவிடுவோம். சக்கரக் கம்பியில் காந்தம் வைத்து, பேட்டரியில்லாமல் எரியும் ரீலைட் வகை இங்கே பிரபலம், டேனிஷ் கம்பெனிதான். ஒரு தொல்லை உண்டு: காந்தத்துக்கும் விளக்குக்கும் இடையில் சில மில்லிமீட்டர் இடைவெளிதான் இருக்க வேண்டும். காந்தம் நழுவினாலோ அச்சில் விளக்கு திரும்பினாலோ அணைந்துவிடும். விளக்கு கெட்டுப்போனது என்று தூக்கிப் போடும் முன் இதைப் பாருங்கள்.

சாலையில் தூவும் உப்பு ஒரே குளிர்காலத்தில் செயினைத் துருவாக்கிவிடும். வாரம் ஒருமுறை பழந்துணியால் துடைத்து, ஒவ்வொரு கண்ணிக்கும் ஒரு சொட்டு எண்ணெய், பத்து நிமிடம் கழித்து மேலே இருப்பதைத் துடைத்துவிடுங்கள். எண்ணெயை வழியவிட்டால் மணலும் உப்பும் அதில் ஒட்டி அரைக்கும். பூட்டு உறைந்தால் வெந்நீர் ஊற்றாதீர்கள், அந்த நீரே அரை மணியில் மறுபடி உறையும். சாவியை லைட்டரில் லேசாகச் சூடாக்கி நுழைத்துவிட்டு, பிறகு பூட்டுக்குள் எண்ணெய் விடுங்கள்.

படிப்பு முடிந்து கிளம்பும்போது வண்டியை ஜூனில் விற்காமல் இருக்க முடிந்தால் நல்லது. அப்போது எல்லாரும் விற்பார்கள், விலை படுத்துவிடும். ஆகஸ்டு கடைசியில் புதியவர்கள் வந்து இறங்குவார்கள். அதுவரை நண்பர் வீட்டில் நிறுத்திவிட்டுப் போகலாம், அவரே விற்றுக் கொடுப்பார். சட்ட எண் எழுதிய ரசீதும் பூட்டின் இரண்டு சாவியும் அவர் கையில் இருக்கட்டும். இரண்டாவது சாவி இல்லாத வண்டியைத் திருட்டு வண்டியோ என்றுதான் பார்ப்பார்கள்.