பத்து விரல் ரேகை

இங்கிலாந்தின் லெஸ்டருக்கு வந்த மறுநாள் எனக்கு விளக்கேற்றும் நேரம் தெரியாமல் போயிற்று. மே மாதக் கடைசி. கடிகாரத்தில் மணி ஆறு, வெளியே அம்பாசமுத்திரத்து மூன்று மணி வெயில். அம்மாவுக்குப் போன் போட்டேன். அங்கே இரவு பத்தரை.

"ஆறு மணிக்கே ஏத்தவாம்மா, இருட்டுனப்பெறகு ஏத்தவா?"

"அங்கன எப்ப இருட்டுதோ அப்ப ஏத்துட்டி. இதுக்கெல்லாமா சாமி கோவிச்சுக்கிடும்?"

இருட்ட ஒன்பதரை ஆனது. அதுவரை தீப்பெட்டியைக் கையில் வைத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் உட்கார்ந்திருந்தேன்.

அந்த ஜன்னலுக்கு வந்து சேர எனக்கு மூன்று வருடம் ஆகியிருந்தது. அதில் ஏறக்குறைய ஒரு வருடம் நானே பயந்து வீணாக்கியது.

2022-இல் அக்காவுக்கு இங்கிலாந்தில் பிரசவம். அம்மாவும் நானும் சுற்றுலா விசாவுக்கு விண்ணப்பித்தோம். அம்மாவுக்குக் கிடைத்தது, எனக்கு இல்லை. மதுரையைத் தாண்டித் தனியாகப் போயிராதவள், பிரசவ மருந்து டப்பாவைப் பைக்குள் அமுக்கிக்கொண்டு தனியாக விமானம் ஏறினாள்.

எனக்கு வந்த கடிதம் ஒன்றரைப் பக்கம். அப்போது வயது 26, கல்யாணம் ஆகவில்லை, தனியார் பள்ளியில் 14,000 ரூபாய் சம்பளம், அதிலும் பாதி கையில் ரொக்கமாக வரும். விண்ணப்பத்துக்கு முந்தின வாரம் கணக்கில் விழுந்த இரண்டு லட்சம் எங்கிருந்து வந்தது என்று விளக்கம் இல்லை. போனால் திரும்புவார் என்று நம்பக் காரணம் போதவில்லை. சாரம் இவ்வளவுதான். எங்கள் வீட்டில் எல்லோரும் அந்த அதிகாரியைத் திட்டினார்கள். எனக்குத் திட்ட வரவில்லை, ஏனென்றால் அவர் கேட்டது நியாயம். அந்த இரண்டு லட்சம் அம்மாவின் சங்கிலி. "கணக்குல பணம் காட்டணும்" என்று யாரோ சொன்னதைக் கேட்டு, அப்பா கூட்டுறவுச் சங்கத்தில் அடகு வைத்து என் கணக்கில் போட்டிருந்தார். அம்மா மஞ்சள் கயிற்றோடுதான் சீமைக்குப் போய் வந்தாள். மீட்கும்போது வட்டி தனி.

சுற்றுலா விசாவை மறுத்தால் மேல்முறையீடு கிடையாது. வேண்டுமானால் மறுபடி பணம் கட்டி விண்ணப்பிக்கலாம். நான் கடிதத்தை மடித்துப் பீரோவில் பட்டுச்சேலைக்கு அடியில் வைத்துவிட்டேன்.

2024 தை மாதம் கல்யாணம். மாப்பிள்ளை அத்தானுக்குப் பாளையங்கோட்டை, இங்கிலாந்துக்குப் படிக்கப் போய், வேலைக்குச் சேர்ந்து, ஐ.எல்.ஆர். என்கிற நிரந்தரத் தங்கல் அனுமதி வாங்கியவர். இதைச் சொல்லக் காரணம் உண்டு. கணவர் வேலை விசாவில் இருந்தால் மனைவி போவது சார்ந்தோர் விசா, ஐ.எல்.ஆரோ பிரிட்டிஷ் குடியுரிமையோ இருந்தால்தான் துணைவர் விசா. இரண்டுக்கும் படிவம் வேறு, வருமான விதி வேறு. ஊரில் எல்லாவற்றுக்கும் "ஸ்பவுஸ் விசா" என்றே பெயர், அதிலேயே பாதிக் குழப்பம். மறுவீட்டுச் சொதி சாப்பிட்ட வாரமே சார்பதிவாளர் அலுவலகத்தில் கல்யாணத்தைப் பதிவு செய்தோம். மூன்று வாரத்தில் அத்தான் லெஸ்டருக்குத் திரும்பிவிட்டார்.

அப்போதே விண்ணப்பித்திருக்க வேண்டும். துணைவர் விசாவுக்கு, அழைக்கிறவருக்கு ஆண்டு வருமானம் 18,600 பவுண்டு இருந்தால் போதும் என்பது 2012-இலிருந்து இருந்த விதி. அத்தானுக்கு 27,400. ஆனால் அதை உயர்த்தப் போகிறார்கள் என்ற செய்தி டிசம்பரிலேயே வந்துவிட்டது. ஏப்ரலுக்குள் போட்டுவிடு என்று அக்கா தலைபாடாக அடித்துக்கொண்டாள். எனக்கோ பீரோவில் இருந்த கடிதம்தான் கண்ணுக்குள் நின்றது. ஒரு தரம் மறுத்தவர்கள் இன்னொரு தரம் மறுக்க எத்தனை நேரம்? ஐந்து லட்சம் போகுமே, மாமியார் வீட்டில் என்ன சொல்வார்கள்?

சரி, கேட்டுப் பார்ப்போம் என்று திருநெல்வேலி வண்ணாரப்பேட்டையில் ஓர் ஆலோசகரிடம் போனோம். ஏசி அறை, சுவரில் லண்டன் பாலம். அவர் கடிதத்தைப் படித்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "பழைய பாஸ்போர்ட் தொலைஞ்சு போச்சுன்னு புதுசு எடுத்திருங்கம்மா. மறுத்ததைப் பத்தி எழுதவே வேண்டாம். கல்யாணத்துக்கப்புறம் பேரையும் கொஞ்சம் மாத்திக்கிட்டா யாருக்குத் தெரியப்போகுது?"

அப்பா தலையாட்டினார். நானும் கிட்டத்தட்ட ஆட்டிவிட்டேன். வெளியே வந்து பஸ்ஸுக்கு நிற்கும்போதுதான், 2022-இல் சென்னையில் ஒரு கண்ணாடிப் பலகை மேல் என் பத்து விரலையும் அழுத்தி அழுத்தி எடுத்தது நினைவுக்கு வந்தது. மருதாணி போட்டிருந்ததால் கட்டைவிரல் பதியவில்லை என்று மூன்று முறை வைக்கச் சொன்னார்கள். பாஸ்போர்ட்டை மாற்றலாம், பேரை மாற்றலாம், இந்த விரலை என்ன செய்வது? அன்று இரவு அத்தானிடம் சொன்னதும் அவருக்குக் கோபம் வந்துவிட்டது. மறுப்பு ஒரு பாவமும் இல்லை, மறைத்தால்தான் பாவம் என்றார். பொய் சொன்னது தெரிந்தால் பத்து வருடம்வரை வரவிடாமல் செய்ய அவர்களுக்கு விதி இருக்கிறது. நான் விழித்துக்கொண்டு குழம்பிக்கொண்டு பங்குனியைக் கடத்தினேன். ஏப்ரல் 11 வந்தது. வரம்பு 29,000 ஆகிவிட்டது.

சம்பளம் போதாவிட்டால் சேமிப்பைக் காட்டலாம்தான். வருமானமே இல்லாத கணக்கில் அது 88,500 பவுண்டு. நானும் அக்காவும் அந்த எண்ணைப் பார்த்துச் சிரித்தோம், வேறு என்ன செய்வது. ஜூனில் அத்தானுக்குப் பதவி உயர்வோடு 30,500 ஆயிற்று. ஆனாலும் உடனே போட முடியாது. ஒரே கம்பெனியில் ஆறு மாதச் சம்பளச் சீட்டு வேண்டும், அந்த ஆறு மாதத்தில் எது குறைந்த சம்பளமோ அதைத்தான் கணக்கில் எடுப்பார்கள். ஜூலை முதல் டிசம்பர் வரை விரல் விட்டு எண்ணிக்கொண்டிருந்தேன். ஆச்சி மட்டும் தெருவில் யார் கேட்டாலும் "அந்தச் சீமைக்காரன் இன்னும் சம்மதிக்கல" என்று சொல்லிக்கொண்டிருந்தாள், ஏதோ பொண்ணு கேட்டுப் போன மாதிரி. ஆடி அமாவாசைக்குச் சொரிமுத்தையனுக்கு நேர்ந்துகொண்டதும் அவள்தான்.

காத்திருந்ததில் ஒன்று மட்டும் தெளிந்தது. சுற்றுலா விசாவுக்கு, நான் திரும்பி வருவேன் என்று காட்ட வேண்டியிருந்தது: வேலை, வீடு, நிலம், அப்பா அம்மா. துணைவர் விசாவுக்கு யாரும் அதைக் கேட்கவில்லை. நாங்கள் சேர்ந்து வாழப் போகிற தம்பதி, அங்கே இருக்க இடமும் வருமானமும் உண்டு என்று காட்டினால் போதும். 2022-இல் என்னைத் தடுத்த காரணம் இந்தப் படிவத்தில் காரணமே இல்லை. அது தெரியாமல் நான் பட்டுச்சேலையைத் தூக்கும்போதெல்லாம் அந்தக் கடிதத்தைப் பார்த்துப் பயந்துகொண்டிருந்தேன்.

நவம்பரில் நெல்லை எக்ஸ்பிரஸில் அம்மாவோடு சென்னை. காசநோய்ப் பரிசோதனைக்கு மார்பு எக்ஸ்ரே. அந்தச் சான்றிதழுக்கு ஆறு மாதம்தான் ஆயுள், ரொம்ப முன்னால் எடுத்தும் பயனில்லை. அப்புறம் ஏ1 நிலை ஆங்கிலத் தேர்வு. எழுத்து கிடையாது, பேச்சும் கேட்பதும்தான். இரண்டு பேரைச் சேர்த்து உட்கார வைத்து ஒருவரை ஒருவர் கேள்வி கேட்கச் சொல்வார்கள். எனக்கு ஜோடியாக வந்த வேலூர்ப் பெண்ணுக்குக் கை சில்லிட்டிருந்தது, அவளும் புருஷனிடம் போகிறவள். பிடித்த சாப்பாடு என்ன என்று கேட்டாள். நான் சொதி என்று சொல்லித் தொலைத்தேன். அவளுக்குச் சொதி என்றால் என்னவென்று தெரியவில்லை, தேங்காய்ப்பால், பாசிப்பருப்பு, இஞ்சித் துவையல் என்று ஆங்கிலத்தில் விளக்குவதற்குள் எனக்கு வேர்த்துவிட்டது. இரண்டு பேரும் தேறினோம்.

வாட்ஸப் பேச்சையும் ஆதாரமாக வைத்தோம், மாதத்துக்கு இரண்டு பக்கம். தமிழில் இருப்பதை மொழிபெயர்த்துக் கையொப்பம் வாங்க வேண்டும். பாளையங்கோட்டையில் மொழிபெயர்ப்பாளர் கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கேட்டார்: "இதுல பதினேழு எடத்துல 'ம்'னு மட்டும் போட்டிருக்கிய. அதை என்னன்னு எழுத?" சில இடத்தில் சரி என்று அர்த்தம், சில இடத்தில் கோபம். எல்லாவற்றுக்கும் 'யெஸ்' என்றே போடச் சொன்னேன்.

ஜனவரி 2025-இல் படிவம். விசாக் கட்டணம் 1,846 பவுண்டு. மருத்துவக் கூடுதல் கட்டணம் வருடத்துக்கு 1,035 வீதம் மூன்று வருடத்துக்கு 3,105. விசா தருவது 33 மாதத்துக்கு, கட்டணம் வாங்குவது 36 மாதத்துக்கு. முன்பு விசா மறுக்கப்பட்டதா என்ற கேள்விக்கு 'ஆம்' என்று குறித்தேன். கீழே பெட்டியில் ஐந்தே வரி: என்று மறுத்தார்கள், என்ன காரணம், அந்த இரண்டு லட்சம் அப்பா நகைக்கடன் வாங்கிப் போட்டது, அதை அப்போது விளக்காதது என் தவறு. மறுப்புக் கடிதத்தின் நகலையும் அடகுச் சீட்டின் நகலையும் இணைத்தேன். கெஞ்சலாக ஒரு சொல்கூட வேண்டாம் என்று அத்தான் சொல்லியிருந்தார். மறுபடி சென்னை, மறுபடி கண்ணாடிப் பலகை. இந்தத் தரம் மருதாணி போடவில்லை.

நேர்காணல் எதுவும் இல்லை. மூன்று மாதம் ஒரு தகவலும் இல்லை. ஏப்ரலில் மின்னஞ்சல் வந்தது. ஆச்சியிடம் சொன்னதும், "சம்மதிச்சுட்டானா?" என்றாள்.

பாஸ்போர்ட்டில் ஒட்டியிருந்த ஸ்டிக்கர் 90 நாளுக்குள் நாட்டுக்குள் நுழைய மட்டும்தான். மிச்சமெல்லாம் இணையத்தில், முன்பு போல் கையில் அட்டை தருவதில்லை. திருவனந்தபுரம் வழியாக வந்தேன். பெட்டியில் கல்லிடைக்குறிச்சி அப்பளம் நான்கு கட்டு, பாதி நொறுங்கிப்போய்ச் சேர்ந்தது. பெல்கிரேவ் ரோட்டில் குஜராத்திக் கடைகள் வரிசையாக இருக்கின்றன, முருங்கைக்காய்கூடக் கிடைக்கிறது. கறிவேப்பிலையைத்தான் காசு கொடுத்து வாங்க மனசு வரவில்லை. எங்கள் வீட்டுக் கொல்லையில் ஆடு தின்றது போக மிச்சம் கிடக்கும்.

என் பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் என்ற இடத்தில் அப்பா பெயர் இருக்கிறது. அதனால் மருத்துவரிடம் போனால், "மிஸஸ்" போட்டு எங்கள் அப்பாவைக் கூப்பிடுகிறார்கள். முதல் தடவை நான் எழுந்திருக்கவே இல்லை, அப்பா எப்படி இங்கே வந்தார் என்று திரும்பிப் பார்த்தேன். இந்த விசாவில் வேலை பார்க்கலாம், அரசு உதவித்தொகைதான் கிடையாது. இப்போது ஒரு தொடக்கப் பள்ளியில் மதியச் சாப்பாட்டு நேரத்தில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிறேன். சம்பளம் முழுதும் வங்கியில் விழுகிறது.

போன வாரம் அப்பா போன் செய்தார். பிசானம் அறுத்து, கொள்முதல் நிலையத்தில் நெல் போட்ட பணம் கணக்குக்கு வந்துவிட்டதாம். அவரும் அம்மாவும் கோடைக்கு இங்கே வர ஆசைப்படுகிறார்கள்.

"கணக்குல எவ்வளவு காட்டணும்மா?" என்றார்.

"நெல்லுக்கு வந்த பணத்தைக் காட்டுங்கப்பா. ரசீதையும் பட்டாவையும் கூட வைங்க."

"கூட ஒரு ரெண்டு லட்சம் போட்டு வச்சா நல்லா இருக்காதோ?"

"வேண்டாம்பா."

கொஞ்ச நேரம் பேச்சில்லை. அப்புறம், "அப்பச் சரி, சங்கிலியைக் கழட்ட வேண்டாம்னு உங்கம்மைகிட்டச் சொல்லிருதேன்" என்றார்.