ஏற்றத்தில் நின்றால் எடுக்காத இண்டிகா

எங்கள் வீட்டில் இருப்பது 2004-ஆம் வருட டாடா இண்டிகா வி2 டீசல். அப்பா வாங்கியது. 1405 சிசி, டர்போ கிடையாது. இந்த வயசு டீசல் வண்டி வைத்திருந்தால் ஊரில் இரண்டே வகை ஆட்கள் தான். "இன்னுமா வெச்சிருக்கீங்க, தள்ளி விடுங்க" என்பவர்கள் ஒரு பக்கம், "அந்த மாதிரி வண்டி இனிமே வராதுங்க" என்பவர்கள் இன்னொரு பக்கம். இரண்டு பேரும் காலை ஆறு மணிக்கு அதை ஸ்டார்ட் செய்து பார்த்ததில்லை.

போன வருடத்துக்கு முந்தின ஐப்பசியில் தொடங்கியது. கோயம்புத்தூரில் மழை விட்டுக் காலையில் லேசாகக் குளிர ஆரம்பித்த நேரம். செல்ஃப் அடித்தால் எஞ்சின் நன்றாகச் சுற்றும், ஆனால் பிடிக்காது. மூன்றாவது நான்காவது தடவையில் ஒரு சிலிண்டர் மட்டும் வேலை செய்வது போலக் குதிக்கும். அப்புறம் இரண்டு, அப்புறம் நான்கும். வாசல் முழுக்க வெள்ளைப் புகை. எதிர் வீட்டு அக்கா ஜன்னலைச் சாத்துவார். ஒருமுறை எடுத்துவிட்டால் போதும், அன்று முழுக்கச் சாவியைத் தொட்டாலே ஸ்டார்ட்.

வெள்ளைப் புகை என்றால் எரியாத டீசல். குளிர்ந்த எஞ்சின், எரியாத டீசல் என்றால் யாருக்கும் முதலில் தோன்றுவது, ஸ்டார்ட் செய்யும் முன் எஞ்சினுக்குள் சூடேற்றும் ஹீட்டர் பிளக். இந்த எஞ்சினில் டீசல் நேராகப் பிஸ்டன் மேல் பீய்ச்சப்படுவதில்லை. எஞ்சினின் மேல் பாகமான ஹெட்டுக்குள் ஒரு சின்ன அறை இருக்கிறது, அதில் தான் பற்றிக்கொள்கிறது. காற்றை 20 மடங்குக்கு மேல் அமுக்கிச் சூடாக்கினாலும், அந்த அறையின் சுவரே சூட்டை உறிஞ்சிவிடும். அதனால் ஊட்டி வரை போக வேண்டாம், நம்ம ஊர்க் குளிருக்கே பிளக் சூடாக வேண்டும்.

சரி, பிளக்கைப் பார்த்துவிடலாம் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை இறங்கினேன். நான்கு பிளக்குகளையும் இணைக்கும் தகட்டைக் கழற்றிவிட்டு, மல்டிமீட்டரின் ஒரு கம்பியைப் பிளக் நுனியிலும் இன்னொன்றை எஞ்சின் இரும்பிலும் வைத்தால் போதும். நல்ல பிளக் ஒரு ஓம் அல்லது அதற்கும் கீழே காட்டும். செத்த பிளக்கில் மீட்டர் அசையாது. மலிவு மீட்டர் என்றால் முதலில் இரண்டு கம்பிகளையும் ஒன்றோடு ஒன்று தொட்டுப் பாருங்கள். என்னுடையது அப்படியே 0.4 காட்டியது, அதைக் கழித்துக்கொள்ள வேண்டும். நான்கில் இரண்டு செத்திருந்தன.

கழற்றுவது தான் பயமான வேலை. உடைந்து ஹெட்டுக்குள் மாட்டிக்கொண்டால் ஹெட்டையே இறக்க வேண்டி வரலாம். முந்தின இரவே துரு இளக்கும் ஸ்ப்ரே அடித்துவிட்டு, மறுநாள் வண்டியை ஒரு சுற்று ஓட்டி, எஞ்சின் வெதுவெதுப்பாக இருக்கும்போது தொட்டேன். மூன்று சமர்த்தாக வந்தன. நான்காவது கால் சுற்று வந்து நின்றுவிட்டது. அங்கே பலம் காட்டாமல், கொஞ்சம் இறுக்கி, கொஞ்சம் தளர்த்தி, மறுபடி ஸ்ப்ரே என்று முக்கால் மணி நேரம். கடைசியில் வந்தபோது நுனி கரியால் பருத்திருந்தது. நான்கையும் புதுசாகப் போட்டேன்.

மறுநாள் கொஞ்சம் பரவாயில்லை. அதற்கடுத்த வாரம் மார்கழி பிறந்தது. மாதம் முழுக்க வண்டி ஒருநாள் கூடத் தகராறு செய்யவில்லை. வருடத்திலேயே குளிரான மாதம் அது. நான் சொந்தக்காரர்கள் எல்லோரிடமும் ஹீட்டர் பிளக் பற்றி வகுப்பு எடுத்துக்கொண்டிருந்தேன்.

பொங்கல் முடிந்து மூன்றாம் நாள் மறுபடி பழைய கதை.

வழக்கமாகப் போகும் மெக்கானிக் காது கொடுத்துக் கேட்டார், ஹோஸ் ஒன்றை அழுத்திப் பார்த்தார். "பம்ப் தானுங்ணா. இறக்கி, நாசிலோட சேர்த்து சர்வீஸ் குடுத்துடலாமுங்க." பம்ப் டீசலை அழுத்தி அனுப்புவது, நாசில் அதை எஞ்சினுக்குள் பீய்ச்சுவது. 18,000 ஆகும் என்றார். அவர் ஏமாற்றினார் என்று சொல்ல மாட்டேன். பம்ப் சீல் போனாலும் இதே மாதிரி தான் இருக்கும். ஆனால் சும்மாவே 2024-ல் ஆர்.சி. புதுப்பிக்க 5,000 கட்டியிருந்தோம் (இப்போது 20 வருடம் தாண்டிய காருக்கு அது 10,000). அந்த வண்டிக்கு இன்னும் 18,000 என்றதும் அப்பா பேப்பரைத் தூக்கி முகத்துக்கு நேராக வைத்துக்கொண்டார். அது அவருடைய "வேண்டாம்".

விடை அம்மாவிடமிருந்து வந்தது. "மார்கழி முச்சூடும் நல்லா தானே எடுத்துச்சு, வெளிய நின்னப்ப?" என்றார், பாத்திரம் கழுவிக்கொண்டே.

எங்கள் வீட்டு வாசலில் ஒரு ராம்ப் இருக்கிறது. வண்டி அதில் தான் மூக்கைத் தூக்கிக்கொண்டு நிற்கும். மார்கழியில் அம்மாவுக்குப் பெரிய கோலம் போட வாசல் வேண்டும் என்பதால் ஒரு மாதமும் வண்டியைத் தெருவில் நிறுத்தியிருந்தோம். தெரு எதிர்ப் பக்கமாகச் சரிவு. அதாவது நான் பிளக் மாற்றிய பெருமையில் இருந்த ஒரு மாதமும் வண்டி மூக்கைத் தாழ்த்திக்கொண்டு நின்றிருந்தது.

சோதித்துப் பார்த்தேன். ஒரு இரவு ராம்பில், ஒரு இரவு தெருவில், மாற்றி மாற்றி நான்கு நாள். தெருவில் நின்ற இரண்டு காலையும் உடனே எடுத்தது. ராம்பில் நின்ற இரண்டும் புகை. டேங்கில் டீசல் குறைவாக இருந்த நாளில் இன்னும் மோசம். குளிருக்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

இந்த வண்டியில் டேங்கிலிருந்து டீசலைத் தள்ளி அனுப்பத் தனி பம்ப் கிடையாது. முன்னால் இருக்கும், மெக்கானிக் சொன்ன அதே ரோட்டரி பம்ப் தானே உறிஞ்சி எடுத்துக்கொள்கிறது. இளநீர் ஸ்ட்ராவை நினைத்துக்கொள்ளுங்கள். உறிஞ்சி நிரப்பி மேல் ஓட்டையை விரலால் மூடினால் தண்ணீர் அப்படியே நிற்கும். விரலைக் கொஞ்சம் தூக்கினால் இறங்கிவிடும். எங்கோ ஒரு இடத்தில் என் வண்டியின் "விரல்" சரியாக மூடவில்லை. ராத்திரியில் காற்று உள்ளே போகிறது, டீசல் டேங்குக்கே திரும்புகிறது. மூக்கு உயர்ந்திருந்தால் இறங்குவது சுலபம். காலையில் பம்ப் முதலில் காற்றை உறிஞ்சி முடிக்க வேண்டும். இதில் ஏமாற்றும் விஷயம், உறிஞ்சும் பக்கம் ஓட்டை இருந்தால் கீழே ஒரு சொட்டுக் கூட ஒழுகாது. காற்று தான் உள்ளே போகும், டீசல் வெளியே வராது. நாம் ஒழுகலைத் தேடிக்கொண்டிருப்போம்.

ஊகத்தில் எதையும் வாங்கக் கூடாது என்று இந்தத் தடவை உறுதியாக இருந்தேன். மாடிப்படிக்குக் கீழே, வீடு கட்டியபோது கொத்தனார் தண்ணீர் மட்டம் பார்த்த டியூப் கிடந்தது. கண்ணாடி மாதிரித் தெரியும். அதில் ஒரு முழம் வெட்டிக் கழுவிக் காயவைத்து, பம்புக்கு டீசல் வரும் ஹோஸுக்குப் பதிலாக இரண்டு கிளிப் போட்டு மாட்டினேன். எஞ்சினை ஓட்டினேன். தேன் நிறத்தில் டீசல், குமிழ் ஒன்றும் இல்லை. ராம்பில் ஏற்றி நிறுத்திவிட்டுப் படுத்தேன்.

காலை ஐந்தே முக்கால். டார்ச் அடித்துப் பார்த்தால் டியூபில் மேல் பாதி காலி. கீழ்ப் பாதியில் டீசல் மட்டம் அழகாக ஒரு கோடு போட்டது போல நின்றது. அதற்காகத் தான் கொத்தனாரும் அதை வாங்கியிருப்பார். ஃபில்டர் மேல் இருக்கும் கை பம்பை, இறுகும் வரை ஒரு முப்பது தடவை அமுக்கினேன். டியூப் நிறைந்தது. சாவியைத் திருப்பினேன், முதல் சுற்றிலேயே எடுத்தது. பம்பும் நல்லாயிருக்கிறது, நாசிலும் நல்லாயிருக்கிறது.

இனி ஓட்டை எங்கே என்று தேட வேண்டும். முதலில் ஃபில்டர். அடியில் இருக்கும் திருகைத் திறந்து ஒரு ஹார்லிக்ஸ் பாட்டிலில் பிடித்தேன். அடியில் கால் விரற்கடைக்குத் தண்ணீர் தனியாகப் பிரிந்து நின்றது. எப்போது கடைசியாக வடித்தோம் என்று வீட்டில் யாருக்கும் ஞாபகம் இல்லை. ஃபில்டரையும் ரப்பர் வளையங்களையும் மாற்றினேன். மறுநாள் காலை, டியூப் மறுபடியும் பாதி காலி.

அப்புறம் ரிட்டர்ன் லைன். நாசிலில் மிஞ்சும் டீசல் திரும்பிப் போக, ஒரு நாசிலிலிருந்து அடுத்ததற்கு நூல் பின்னிய மெல்லிய ஹோஸ் போகும். பென்சிலை விட ஒல்லி. கடைசி நாசிலில் போக வழி இல்லாததால் ஒரு சின்ன ரப்பர் மூடி போட்டு அடைத்திருப்பார்கள். அந்த மூடியைச் சுற்றி எப்போதும் கறுப்பாக ஒரு பிசுக்கு இருக்கும். வண்டி துடைக்கும்போதெல்லாம் அதையும் துடைத்துவிட்டுப் போயிருக்கிறேன், எத்தனை மாதமோ. இந்தத் தடவை துடைத்துவிட்டு நகத்தால் மடக்கிப் பார்த்தேன். நெற்றியில் சுருக்கம் விழுவது போல மூடி முழுக்க வெடிப்பு. ஹோஸ்களும் அப்படியே, வளைத்தால் நூலுக்கு அடியில் ரப்பர் பொடிப்பொடியாக உதிர்ந்தது. இருபது வருடம் எஞ்சின் சூட்டிலேயே கிடந்த ரப்பர், அதைக் குறை சொல்ல முடியாது. வண்டி ஓடும்போது அங்கே டீசல் கசிகிறது, நின்றதும் அதே வெடிப்பு வழியாகக் காற்று உள்ளே போகிறது.

உக்கடம் பக்கம் ஒரு கடையில் ஹோஸ் மீட்டர் கணக்கில் கிடைத்தது. பழைய துண்டைக் கையோடு கொண்டு போங்கள். கடைக்காரர் முதலில் பைக்குப் போடும் பெட்ரோல் டியூபை நீட்டினார், அது டீசல் சூட்டில் ஊறி வழுக்கிக்கொண்டு வந்துவிடும். நூல் பின்னியது தான் வேண்டும் என்று நின்றேன். ஒரு மீட்டரும் இரண்டு மூடியும் சேர்த்து 200 ரூபாய்க்குள் முடிந்தது.

பழைய ஹோஸைப் பிடித்து இழுக்காதீர்கள். நாசிலில் இருக்கும் அந்த மூக்கு மெல்லிசு, முறிந்தால் நாசில் போச்சு. பிளேடால் நீளவாக்கில் கீறிப் பிரித்து எடுக்க வேண்டும். புதுசை மாட்டும்போது நுனியை டீசலில் தொட்டுக்கொண்டால் வழுக்கிக்கொண்டு ஏறும். வேலை ஆரம்பிக்கும் முன் டைமிங் பெல்ட் பக்கம் ஒரு பழைய துணியை நன்றாக மூடிவிட்டேன். டீசல் பட்டால் பெல்ட் ரப்பர் கெட்டுவிடும், இருநூறு ரூபாய் வேலை எங்கேயோ போய் நிற்கும். இன்னொன்று, எஞ்சின் ஓடும்போது நாசிலுக்குப் போகும் இரும்புக் குழாய்ப் பக்கம் கசிவு தேடி விரல் வைக்கவே கூடாது. அங்கே அழுத்தம் 100 பாருக்கு (சாதாரணக் காற்றழுத்தத்தைப் போல சுமார் நூறு மடங்கு) மேல், ஊசித் துளையில் வரும் டீசல் தோலைத் துளைத்துக்கொண்டு உள்ளே போகும். அட்டைத் துண்டைக் காட்டிப் பார்ப்பது தான் முறை. ரிட்டர்ன் ஹோஸில் அந்த ஆபத்து இல்லை, அதனால் தான் வீட்டில் செய்தேன். டைமிங் பெல்ட்டை நான் தொடுவதில்லை. பம்ப் டைமிங்கும் அப்படித்தான், டயல் கேஜ் வைத்துப் பார்க்கும் வேலை அது. இரண்டுக்கும் அதே மெக்கானிக்கிடம் தான் போகிறேன்.

அன்று இரவு ராம்பில், மூக்கை உயர்த்தியே நிறுத்தினேன். தூக்கம் சரியாக வரவில்லை என்பதை ஒத்துக்கொள்கிறேன். விடிந்ததும் பானெட்டைத் தூக்கினால் டியூப் முழுக்கத் தேன் நிறம், ஒரு பொட்டுக் காற்று இல்லை. ஹீட்டர் விளக்கு அணைந்ததும் சாவியைத் திருப்பினேன். எதிர் வீட்டு ஜன்னல் திறந்தே இருந்தது.

மெக்கானிக்கிடம் போய்ச் சொன்னேன். வெடித்த மூடியை வாங்கி விரல்களுக்கு நடுவில் உருட்டிப் பார்த்துவிட்டு, "இது நம்ம கண்ணுக்குத் தப்பிடுச்சுங்ணா" என்றார். அடுத்த வாரம் அவர் கடைக்கு வந்த ஒரு பழைய இண்டிகாவில் முதல் வேலையாக அந்த மூடியைத் தான் மடக்கிப் பார்த்தாராம்.

மட்ட டியூபை மட்டும் பத்து நாளில் கழற்றிவிட்டேன். டீசலில் ஊறி மஞ்சளாகி, குச்சி மாதிரி விறைத்துப் போயிருந்தது, நிரந்தரமாக விடக்கூடிய பொருள் இல்லை. மிச்சம் இருந்த ஹோஸும் இரண்டாவது மூடியும் டேஷ்போர்டு பெட்டியில், இன்சூரன்ஸ் தாளுக்குப் பக்கத்தில் இருக்கின்றன. அப்பாவுக்கு மட்டும் இன்னும் முழு நம்பிக்கை வரவில்லை. ஊருக்குக் கிளம்பும் முந்தின இரவு என்றால் வண்டியைத் தெருவில் தான் நிறுத்துகிறார்.