யவீருவின் மகளுக்குச் சாப்பாடு

"பிரசங்க நேரத்தில் பிள்ளைகள் சத்தம் போடுகிறார்கள், யாராவது அவர்களை வெளியே கூட்டிப்போய் உட்காரவையுங்கள்." ஓய்வுநாள் பள்ளிக்கு, அதாவது சபையில் பிள்ளைகளுக்கு நடக்கும் ஞாயிறு பள்ளிக்கு, ஆசிரியர் தேடும் பேச்சு பல சபைகளில் இப்படித்தான் தொடங்குகிறது. கேட்கும்போதெல்லாம் எனக்கு மனம் வலிக்கிறது. பெரியவர்களின் அமைதிக்காக ஏற்பட்டதா இந்த ஊழியம்?

1780இல் இங்கிலாந்தின் குளோஸ்டர் நகரில் ராபர்ட் ரெய்க்ஸ் என்ற பத்திரிகையாளர் ஞாயிறு பள்ளி தொடங்கியபோது, அங்கே வந்த ஏழைப் பிள்ளைகள் பலருக்கு ஞாயிறு மட்டுமே வேலையில்லாத நாள். முதலில் அவர்களுக்கு எழுத்து கற்றுக்கொடுத்தார்கள், வேதாகமத்தைத் தாங்களே வாசிக்கும்படி. எது இல்லாமல் அந்தப் பிள்ளைகள் தவித்தார்களோ, அதிலிருந்து தொடங்கினார்கள்.

என் வகுப்பில் இருப்பவர்கள் ஆறு முதல் எட்டு வயதுப் பிள்ளைகள். எழுத்துக்குக் குறைவில்லை, பள்ளியும் டியூஷனும் போதும் போதும் என்கிற அளவுக்குக் கொடுக்கின்றன. தாங்கள் கேட்க வந்ததை முழுவதும் கேட்கிற பெரியவர்கள்தான் அவர்களுக்குக் கிடைப்பதில்லை.

ஒருமுறை, யவீரு என்பவரின் இறந்துபோன மகளை இயேசு உயிரோடு எழுப்பிய வேதாகமக் கதையைச் சொன்னேன். எழுந்தவளுக்குச் சாப்பிடக் கொடுக்கும்படி அவர் சொன்னார் என்றதும் வகுப்பே கலகலத்தது. கஞ்சியா, இட்லியா என்று ஒரே விவாதம். அந்தச் சத்தத்துக்கு நடுவே ஒரு சிறுமி கேட்டாள்: "எங்கள் ஆச்சிக்காகவும் ஜெபம் பண்ணினோமே டீச்சர், ஆச்சி ஏன் எழுந்திருக்கவில்லை?"

பாடப் புத்தகத்தில் இதற்குப் பதில் இல்லை. "எனக்கும் தெரியவில்லை, கண்ணு. ஆனால் தம் நண்பர் லாசரு இறந்தபோது இயேசுவே கண்ணீர் விட்டார்" என்றேன். பிறகு ஆச்சியைப் பற்றிச் சொல்லச் சொன்னேன். மற்றப் பிள்ளைகளும் தங்கள் வீட்டில் இறந்தவர்களைப் பற்றிப் பேசத் தொடங்கினார்கள். மனப்பாட வசனத்துக்கு நேரமே இருக்கவில்லை. அன்று நடந்ததைத்தான் நான் ஊழியம் என்பேன்.

வசனம் மனப்பாடம் செய்வதை நான் குறைத்துச் சொல்லவில்லை. சிறுவயதில் படித்த சங்கீதங்கள் இன்றும் என்னைத் தாங்குகின்றன. ஆனால் அதைப் பரிசுப் போட்டியாக்கி, திக்கித் திணறும் பிள்ளையை மேடையில் அழவைப்பது எனக்குச் சம்மதமில்லை. பிள்ளைகளைக் கொண்டுவந்தவர்களைச் சீஷர்கள் அதட்டியபோது இயேசு விசனமடைந்தார் என்று மாற்கு 10ஆம் அதிகாரம் சொல்கிறது. தடுத்தவர்கள் அவருக்கு மிக நெருங்கியவர்கள் என்பது என்னை அடிக்கடி யோசிக்கவைக்கிறது.

பெற்றோருக்கும் ஒன்று சொல்ல வேண்டும். வீட்டில் உட்கார்ந்திருக்கும்போதும் வழியில் நடக்கும்போதும் தேவனுடைய வார்த்தைகளைப் பிள்ளைகளிடம் பேசச் சொல்கிறது வேதாகமத்தின் உபாகமப் புத்தகம். வாரத்தில் ஒரு மணி நேரம் நாங்கள் பேசுவது அதற்கு ஈடாகாது.

மே மாத விடுமுறை வேதாகமப் பள்ளிக்கான ஆயத்தக் கூட்டம் வரப்போகிறது. பேனருக்கும் தொப்பிக்கும் முன்னால் இரண்டு காரியங்களைக் கேட்கப்போகிறேன். முதலாவது, ஒவ்வொரு வகுப்பிலும் இரண்டு ஆசிரியர்கள் இருக்க வேண்டும்; எந்தப் பிள்ளையும் எந்தப் பெரியவரோடும் மூடிய அறையில் தனியாக இருக்கக் கூடாது. அடுத்தது, பாடத்துக்குப் பின் பிள்ளைகள் கேள்வி கேட்க அரை மணி நேரம்.