ஓபி இல்லாத பிரதி

பழைய சிடி கடையில், பொருள் வாங்கும் கவுண்டருக்கு ஆள் எடுத்தால் முதலில் சொல்லித்தருவது இசையைப் பற்றி அல்ல, அடையாள அட்டையைப் பற்றி. ஜப்பானில் பழைய பொருள் வாங்கி விற்பதற்கென்று தனிச் சட்டம் உண்டு. பத்தாயிரம் யென்னுக்குக் கீழே என்றால் பல பொருள்களுக்கு விற்பவர் விவரத்தைக் கேட்க வேண்டியதில்லை. சிடி, புத்தகம், வீடியோ கேம் போன்ற சிலவற்றுக்கு அந்தச் சலுகை கிடையாது. நூறு யென் பெறாத சிடியைக் கொண்டுவந்தாலும் பெயர், முகவரி, வயது, தொழில் எல்லாவற்றையும் எழுதி வாங்கியாக வேண்டும்.

நான் டோக்கியோவில் மொழிப் பள்ளி மாணவனாக இருந்த காலம் அது. மாணவர் விசாவில் வாரத்துக்கு 28 மணி நேரம் வேலை பார்க்கலாம். கூட இருந்த பையன்கள் கன்வீனியன்ஸ் ஸ்டோரிலும் பெண்டோ என்னும் டப்பாச் சாப்பாடு தயாரிக்கும் தொழிற்சாலையிலும் இரவு ஷிஃப்டுக்குப் போனார்கள். எனக்கு சூவோ ரயில் பாதையை ஒட்டிய ஒரு கடையில் இடம் கிடைத்தது. அங்கே இருந்தால் கான்ஜி எழுத்துகள் சீக்கிரம் படியும் என்று நினைத்தேன். படிந்தன. ஆனால் படிந்தவை எல்லாம் ரோஜா, ரத்தம், நிலவு, சவப்பெட்டி, சிலுவை. என்னைப் போட்டது விஷுவல் கெய் பிரிவில்!

விஷுவல் கெய் என்றால் ஒப்பனையும் உடையும் மேடைக்கோலமும் பாட்டுக்குச் சமமாக நிற்கும் ஜப்பானிய ராக். எண்பதுகளின் கடைசியில் எக்ஸ் (பின்னால் எக்ஸ் ஜப்பான்) குழுவோடு பெரிதாகி, தொண்ணூறுகளின் பிற்பாதியில் உச்சத்துக்குப் போனது. அந்தக் காலத்து ரசிகைகளுக்கு இன்று நாற்பது வயது இருக்கும். கல்யாணம், வீடு மாறுதல், குழந்தைக்கு ஓர் அறை என்று ஏதாவது ஒரு காரணத்தில் அட்டைப் பெட்டியோடு எங்கள் கவுண்டருக்கு வருவார்கள். இப்படிப்பட்ட தீவிர ரசிகையை ‘பாங்க்யா’ என்பார்கள். அந்த வாழ்க்கையை விட்டு வெளியேறுவதற்கும் அவர்களுக்குள் ஒரு சொல் உண்டு. பெட்டியைத் திறந்ததுமே அது வெளியேறுகிற பெட்டியா, வெறுமனே இடநெருக்கடிப் பெட்டியா என்று எங்கள் பிரிவின் பொறுப்பாளர் சொல்லிவிடுவார். அவரும் ஒரு பழைய பாங்க்யாதான். நான் அவரை ‘செம்பாய்’, அதாவது மூத்தவர், என்றுதான் கூப்பிடுவேன்.

அவர் ரசித்த குழு மாலிஸ் மிசேர். 1992-இல் மானா, கோஜி என்ற இரண்டு கிதார் கலைஞர்கள் தொடங்கியது. என் வேலைக் கல்வியில் பாதி அந்த ஒரு குழுவின் அலமாரியிலேயே நடந்தது, ஏனென்றால் பழைய சிடி வியாபாரத்தின் எல்லாக் கணக்கும் அதில் இருந்தது. முதல் பாடகர் டெட்சு இருந்தபோது 1994-இல் சொந்தமாக வெளியிட்ட ‘மெம்வார்’ கண்ணாடிப் பெட்டிக்குள், சாவி போட்டு. 1995-இல் காக்ட் பாட வந்து, பெரிய நிறுவனம் ஒன்று சேர்த்துக்கொண்டு, 1998 மார்ச்சில் வெளியான ‘மெர்வேய்’ ஓரிகான் என்னும் ஜப்பானிய விற்பனைப் பட்டியலில் இரண்டாம் இடம் வரை போனது. அது கீழ்த்தட்டில், வரிசையாக, மலிவு விலையில். நிறைய விற்றதால் நிறையத் திரும்பி வருகிறது. நல்ல ஆல்பம் எது என்று என்னைக் கேட்டால் கீழ்த்தட்டைத்தான் காட்டுவேன். கண்ணாடிப் பெட்டியில் இருப்பது அரிய ஆல்பம், அவ்வளவுதான்.

விலையைத் தீர்மானிப்பதில் ஓபிக்குப் பெரிய பங்கு. சிடி பெட்டியின் முதுகில் சுற்றி வரும் காகிதப் பட்டைக்குத்தான் அந்தப் பெயர். விலை, வெளியீட்டு எண், இரண்டு வரி விளம்பரம், இவ்வளவுதான் அதில் இருக்கும். வாங்கியவுடன் கிழித்துப் போட வேண்டியது போலத்தான் தெரியும். ஆனால் அது இருந்தால் ஒரு விலை, இல்லையென்றால் வேறு விலை. செம்பாய் ஓபியை விரல் நுனியால் தள்ளி, மடிப்பில் வெயில் பட்டு வெளுத்திருக்கிறதா என்று பார்ப்பார். அப்புறம் தட்டை விளக்குக்குச் சாய்த்துக் கீறல் பார்ப்பார். கடைசியில் உள்ளே இருக்கும் சிறு புத்தகத்தை ஒரு தடவை முழுக்கப் புரட்டுவார். படங்களுக்காகவே பலர் வாங்கினார்கள், அதனால் வெட்டி எடுத்திருக்க வாய்ப்பு உண்டு.

அந்தப் படங்களைப் பற்றிச் சொல்ல வேண்டும். மானா ஆண். மேடையில் எப்போதும் பெண் உடை, பொதுவில் பேசவே மாட்டார். பேட்டியில்கூடப் பக்கத்தில் இருப்பவர் காதில் சொல்லி, அவர்தான் எடுத்துச் சொல்வார். நம் நாடக சபாக்களின் ஸ்திரீபார்ட் நடிகர்களைக் கேள்விப்பட்டு வளர்ந்த எனக்கு அது அவ்வளவு அதிர்ச்சியாக இல்லை. ஜப்பானியர்களுக்கும் ஆண்களே பெண் வேடம் போடும் கபுகி நாடகத்தில் பழகிய விஷயம்தான். எனக்கு ஆச்சரியமாக இருந்தது வேறு. இந்தக் குழுவின் கிதார்காரர்கள் இருவரும் சில பாட்டுகளில் கிதாரைக் கழற்றி வைத்துவிட்டு ஆடுவார்கள், ஊமை நாடகம் நடிப்பார்கள். ராக் ரசிகர்கள் பலர் இதை வைத்துத்தான் அவர்களைக் கிண்டல் செய்தார்கள். எனக்கு அது ஒரு துணிச்சலாகப் பட்டது. கிதார் இல்லாமல் நிற்கத் தெரிந்த கிதார்காரரை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. பதிவுகளில் கேட்டால் இரண்டு கிதாரும் பரோக் இசையின் இரண்டு குரல்கள் போல ஒன்றையொன்று துரத்திக்கொண்டு போகும், சாதாரணமாக வாசிக்கக்கூடியது அல்ல.

‘மெர்வேய்’ வந்து ஓராண்டுக்குள் எல்லாம் சிதறிவிட்டது. 1999 ஜனவரியில் காக்ட் விலகினார். அதே ஆண்டு ஜூன் 21-இல் டிரம்மர் காமி மூளை ரத்தக்கசிவில் இறந்தார். மீதி இருந்தவர்கள் அவர் இடத்துக்கு நிரந்தரமாக யாரையும் சேர்க்கவில்லை, வெளியிலிருந்து ஒருவரை உதவிக்கு வைத்துக்கொண்டார்கள். க்ளாஹா என்ற புதிய பாடகரோடு 2000 ஆகஸ்டில் ‘பாரா நோ செய்தோ’ என்ற ஆல்பம், பைப் ஆர்கனும் கூட்டுக்குரலுமாக, முழு இருட்டு. அதற்காக டோக்கியோவின் பெரிய அரங்கான நிப்பான் புதோகான் மேடையில் தேவாலயம் ஒன்றையே எழுப்பினார்கள். பிறகு 2001 டிசம்பரில் நடவடிக்கைகளை நிறுத்துவதாக ஓர் அறிவிப்பு. கடைசிக் கச்சேரி என்று ஒன்று நடக்கவில்லை.

இது ரசிகைகளுக்கு எவ்வளவு பெரிய குறை என்பது எனக்கு அந்தக் கவுண்டரில்தான் புரிந்தது. இந்த உலகத்தில் குழு கலைவதற்கும் ஒரு முறை இருக்கிறது. எக்ஸ் ஜப்பான் 1997 செப்டம்பரில் அறிவித்து, டிசம்பர் 31 அன்று டோக்கியோ டோமில் கடைசி நிகழ்ச்சி நடத்தி, அதே இரவு ஜப்பானின் பொது ஒளிபரப்பு நிறுவனமான என்.எச்.கே.யின் ஆண்டிறுதிப் பாட்டு நிகழ்ச்சியிலும் வந்து பாடிவிட்டுப் போனது. லூனா சீ என்ற இன்னொரு குழு 2000 டிசம்பர் கடைசியில் அதே டோமில் முடித்துக்கொண்டது. இரண்டுமே பின்னால் திரும்பி வந்துவிட்டன, அது வேறு கதை. ஆனால் அழ வேண்டிய நாள் எது என்று ரசிகைகளுக்குத் தெரிந்திருந்தது. மாலிஸ் மிசேர் ரசிகைகளுக்கு அது தெரியவில்லை. அதனால் அவர்கள் பெட்டிகள் ஒரு பருவம் என்று இல்லாமல் எப்போது வேண்டுமானாலும் வந்தன. சிலர் விற்றுவிட்டு அடுத்த மாதமே வந்து அலமாரியைப் பார்த்துக்கொண்டு நிற்பார்கள்.

ஒரு ஜூன் மாதம் தென்ச்சோ, அதாவது கடை மேலாளர், காமியின் நினைவு நாளுக்கு ஒரு தனி மூலை வைக்கலாமா என்று கேட்டார். செம்பாய் மறுத்துவிடுவார் என்று எதிர்பார்த்தேன். எனக்கே அது கொஞ்சம் சங்கடமாகத்தான் இருந்தது. அவர் உடனே சரி என்றார்.

“அவர் பேரைச் சொல்லி விற்றால் என்ன? விற்காமல் பின்அறையில் கிடந்தால்தான் எனக்குக் கஷ்டம்” என்றார்.

கையால் எழுதும் விலையட்டையை என்னை எழுதச் சொன்னார்கள். என் கையெழுத்து ஆரம்பப் பள்ளிக் குழந்தையின் கையெழுத்து போல இருக்கிறதாம், அதைப் பார்த்து யாரும் வியாபாரம் என்று நினைக்க மாட்டார்களாம். காமி இசையமைத்த பாட்டுகளோடு 2000 பிப்ரவரியில் வந்த நினைவுப் பெட்டி ஒன்று கடையில் இருந்தது. அதை நடுவில் வைத்தோம். சீக்கிரமே விற்றுப்போனது.

2018 செப்டம்பர் 8, 9 தேதிகளில் 25-ஆம் ஆண்டு என்று சொல்லி டொயோசு பிட் அரங்கில் மானா, கோஜி, பாஸ் வாசிக்கும் யூகி மூவரும் சேர்ந்து மேடை ஏறினார்கள். காக்டும் வரவில்லை, க்ளாஹாவும் வரவில்லை, வேறு பாடகர்கள் வந்து பாடினார்கள். செம்பாய் இரண்டு நாளும் லீவு. திங்கட்கிழமை கழுத்தில் சலோன்பாஸ் ஒட்டிக்கொண்டு வந்தார். தலையை ஆட்டி ஆட்டிச் சுளுக்கு. கச்சேரி எப்படி என்று கேட்டதற்கு, “கழுத்து அந்த வயசு இல்லை” என்பதோடு முடித்துக்கொண்டார்.

கொஞ்ச நாளில் ஒரு பெண் முழுத் தொகுப்போடு கவுண்டருக்கு வந்தார். எட்டு சென்டிமீட்டர் சிங்கிள் தட்டுகள், ஆல்பங்கள், வி.எச்.எஸ். கேசட்டுகள், கச்சேரியில் விற்ற படப் புத்தகங்கள். எல்லாவற்றிலும் ஓபி பளபளவென்று. நான்தான் மதிப்பிட்டேன். செம்பாய் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தார், குறுக்கிடவில்லை. கேசட்டுகளை எங்கள் கடையில் எடுப்பதில்லை, அவற்றைத் திருப்பிக் கொடுத்தேன். மற்றவற்றுக்குச் சொன்ன தொகை அவர் ஒரு காலத்தில் கொடுத்ததில் ஒரு சிறு பங்குகூட இருக்காது. அவர் பேரம் பேசவில்லை. படிவத்தை நிரப்பிக்கொண்டிருந்தபோது செம்பாய் மெதுவாகக் கேட்டார்: “டொயோசுவுக்குப் போனீர்களா?”

“இரண்டு நாளும். அதனால்தான் கொண்டுவந்தேன்” என்று சிரித்தார் அந்தப் பெண்.

பதினேழு வருடம் தள்ளி வந்தாலும் அவருக்கு அது கடைசிக் கச்சேரியாகவே அமைந்துவிட்டது போலிருக்கிறது. செம்பாய்க்கு அப்படி இல்லை. அவர் தன் பெட்டியைக் கொண்டுவருகிற எண்ணத்திலேயே இல்லை என்பதை, அந்தத் தொகுப்பில் தன்னிடம் இல்லாத ஒரு படப் புத்தகத்தைக் கடை விலைக்கே வாங்கிக்கொண்டபோது தெரிந்துகொண்டேன்.

டோக்கியோ பக்கம் போகிறவர்கள் கண்ணாடிப் பெட்டியைப் பார்த்து மலைக்க வேண்டாம். கீழ்த்தட்டில் ‘மெர்வேய்’ இருக்கும், ஓபி இல்லாத பிரதியாகவே எடுங்கள். கேட்பதற்கு ஒன்றும் குறையாது.