கையிலிருந்து கடலுக்குத் திரும்பும் ஸ்ட்ரைப்பர்

அமெரிக்காவின் அட்லாண்டிக் கரையில் தூண்டில்காரர்களை ஏற்றிச் செல்லும் படகில் வேலை பார்ப்பவருக்கு, மீனைப் பிடித்துக் கொடுப்பதைவிட அதை உயிரோடு திருப்பி விடுவதுதான் பெரிய வேலை. பிடிபடும் ஸ்ட்ரைப்டு பாஸ் (சுருக்கமாக ஸ்ட்ரைப்பர்) மீன்களில் பெரும்பாலானவை கடலுக்கே போகின்றன. கடலோர மாநிலங்களில் இப்போதைய விதி ஆளுக்கு நாளொன்றுக்கு ஒரே மீன், அதுவும் 28 முதல் 31 அங்குலத்துக்குள். அந்த நீளத்துக்குச் சிறியதும் பெரியதும் தண்ணீருக்குத்தான்.

இந்த மீன் வசந்தத்தில் செசபீக் விரிகுடாவில் விழும் ஆறுகளிலும் ஹட்சன் ஆற்றிலும் ஏறி முட்டையிடும். முட்டை ஆற்றோட்டத்தில் மிதந்தபடி இருந்தால்தான் பொரியும். அடியில் படிந்தால் வீண். பிறகு பெரிய மீன்கள் கரையோரமாகவே மெயின் மாநிலம் வரை வடக்கே போய், குளிருக்கு வர்ஜீனியா, வட கரோலினா பக்கம் இறங்கும். ஒரே கூட்டத்தைத்தான் கரை முழுவதும் பிடிக்கிறார்கள். 1985 முதல் 1990 வரை செசபீக் கரையிலுள்ள மேரிலாந்து மாநிலம் இதைப் பிடிக்கவே தடை போட்டது. மீன் மீண்டு வந்தது. இப்போது மறுபடி கவலை. மேரிலாந்தின் குஞ்சுக் கணக்கெடுப்பில் ஒரு வலை இழுப்புக்குக் கிடைக்கும் குஞ்சுகளின் நெடுங்காலச் சராசரி 11 அளவில் இருக்க, 2023இல் கிடைத்தது 1 மட்டுமே.

விடப்படும் மீன்களில் நூற்றுக்கு 9 செத்துப்போகும் என்று வைத்துத்தான் அதிகாரிகள் கணக்குப் போடுகிறார்கள். ஆண்டுக்குக் கோடிக்கு மேல் மீன் விடப்படும்போது அந்த ஒன்பது சிறிய எண் அல்ல.

முதல் தவறு தூண்டில் முள்ளில். இரை வைத்துப் பிடிப்பவருக்கு வட்ட முள் (முனை தண்டை நோக்கி உள்ளே வளைந்தது) கட்டாயம். முனை தண்டோடு ஒரே தளத்தில் இருக்க வேண்டும். பக்கவாட்டில் வளைந்திருந்தால் தொண்டையில் மாட்டும். மீன் கடித்ததும் வெடுக்கென்று சுண்டக் கூடாது. தூண்டில் நரம்பு இறுகும்வரை நிதானமாகச் சுற்றினால் முள் தானாக வாயோரத்துக்கு வந்து குத்தும். பழகிய கை சுண்டத்தான் துடிக்கும். புதியவர்களைவிட அனுபவசாலிகளுக்கே இதைச் சொல்லிப் புரியவைப்பது சிரமம். செயற்கை இரையில் வரும் மூன்று முனை முள்ளைக் கழற்றி ஒற்றை முள் மாட்டி, முனைக்குப் பின்னால் எதிர்த்திசையில் நீட்டும் எதிர்முள்ளைக் குறடால் நசுக்கிவிடுங்கள். முள் ஆழத்தில் போயிருந்தால் தோண்டாமல் நரம்பை வெட்டுவதே மேல்.

அடுத்தது போராட்ட நேரம். மெல்லிய நரம்பில் அரைமணி நேரம் விளையாட்டுக் காட்டினால் மீன் களைத்தே சாகும். தண்ணீர் 21 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் அதில் ஆக்சிஜனும் குறைவு, மீனும் சீக்கிரம் சோரும். கடும் கோடையில் விடியலோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

மீனைப் படகில் ஏற்ற ரப்பர் வலை வேண்டும், குத்துக்கொக்கிக்குத் தடை. கையையும் அளவுப் பலகையையும் முதலில் நனையுங்கள். வெயிலில் காய்ந்த தளத்தில் கிடத்தினால் மேல் கோழை உரிந்து ஒட்டிக்கொள்ளும். பிறகு அந்த இடத்தில் புண் வரும். கீழ்த்தாடையில் மட்டும் பிடித்துச் செங்குத்தாகத் தூக்காதீர்கள்; பெரிய மீனின் எடையே அதன் தாடையையும் உள்ளுறுப்பையும் கெடுக்கும். ஒரு கை தாடையில், ஒரு கை வயிற்றடியில். கேமராவைத் தயார் செய்துவிட்டு மீனைத் தூக்குங்கள், மீனைத் தூக்கிவிட்டுக் கேமராவைத் தேடாதீர்கள். முப்பது விநாடி போதும்.

விடும்போது முன்னும் பின்னும் ஆட்டுவது பலருடைய வழக்கம். பின்னால் இழுக்கையில் செவுளில் தண்ணீர் தலைகீழாக ஓடும், பயனில்லை. தலையை ஓட்டத்துக்கு எதிராக வைத்து, கீழ்த்தாடையைத் தளர்வாகப் பிடித்திருங்கள். செவுள் மூடிகள் சீராக அசையும்; வாய் உங்கள் கட்டைவிரலை இறுக்கும்; வால் ஓர் உதறு உதறும். அப்போது விட்டுவிடுங்கள், அதற்கு முன் வேண்டாம்.